இடமிருந்து வலம், ஆறு எழுத்து

காலையில் பால் பாக்கெட்டை எடுக்கும்போதே பேப்பரையும் எடுத்துவிடுவேன். தலைப்புச் செய்தி எனக்கு வேண்டாம். ராமன் ஆண்டாலும் ராவணன் ஆண்டாலும் எனக்கு ஒன்றுதான். ஆறாம் பக்கத்தின் கீழ்மூலையில் குறுக்கெழுத்துக் கட்டம் இருக்கும். அதை நாலாக மடித்து, ஓரத்தில் காபி டம்ளரை வைத்து அழுத்திக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்தால் ஏழரை மணி வரைக்கும் எனக்கு ஆள் துணை தேவையில்லை. ஏழரைக்குப் பிறகு தேவைப்படும். அப்போதும் யாரும் இருப்பதில்லை.

கட்டம் போடுகிறவர் யாரென்று தெரியாது. என் ஆயுளில் நான் அதிகம் சண்டை போட்ட மனிதர் அவர்தான். "இதெல்லாம் ஒரு குறிப்பாய்யா?" என்று வாய்விட்டே கேட்பேன். மறுநாள் விடை வரும். அவர் சொன்னது சரியாக இருக்கும். எனக்கு இன்னும் கோபம் வரும். தஞ்சாவூரில் மாடி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற பெண்பிள்ளைக்கு இதைவிட நல்ல சண்டை எங்கே கிடைக்கும்?

பழக்கம் மன்னார்குடியில் தொடங்கியது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு கூட்டுறவு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மிஷன் விடுதியில் டைப்ரைட்டிங் கற்று, மேசை நாற்காலி போட்ட வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். எங்கள் தெரு என்றால் ஊருக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருந்த தெரு. பண்ணை ஆட்களின் தெரு. நடுவில் ஒரு சின்ன லுத்தரன் கோயில். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு ஆளை எடைபோட அவர் எந்த ஊர் என்பது போதாது, எந்தத் தெரு என்பதும் வேண்டும்.

எனக்கு அறை கொடுத்த வீட்டுக்கார அம்மாவும் அதைத்தான் கேட்டார். "கிறிஸ்தவங்க" என்றேன். "வெள்ளாளக் கிறிஸ்தவங்களா?" என்றார். நான் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பில்தான் இரண்டரை வருஷம் குடியிருந்தேன். பின்கட்டில் ஒரு அறை, தனி வாசல், கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம். அப்பாவை அங்கே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருடைய பேச்சும், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் நிலையும் கதவைத் திறந்ததுமே எங்கள் தெருவைச் சொல்லிவிடும். ஒருமுறை அரிசி எடுத்துக்கொண்டு வந்தவர், பஸ் ஸ்டாண்டிலேயே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்து, என் கையில் மூட்டையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். நானும் சரி என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அலுவலகத்தில் மத்தியானம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். என்னைக் கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை. நான் என் மேசையிலேயே டப்பாவைத் திறப்பேன். மானேஜர் படித்து, தலைமைக் குமாஸ்தா படித்து, கடைசியில் பேப்பர் அந்த நேரத்தில்தான் என் மேசைக்கு வரும். செய்தி எல்லாம் பழசாகியிருக்கும். கட்டத்தை மட்டும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தனியாகச் சாப்பிடுகிறவள் என்று தெரியாமல் இருக்க, ஏதோ வேலை இருப்பதுபோல அதில் பென்சிலை ஓட்ட ஆரம்பித்தேன்.

பள்ளிக்கூடம் எனக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தது. மற்றவர்கள் வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று கற்றுக்கொடுத்தது கட்டம்தான். பெருமாள் கோயிலில் பக்தர் தலையில் வைப்பது, மூன்று எழுத்து. சடாரி. நான் தினமும் அந்தப் பெரிய கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவள், உள்ளே என்ன நடக்கிறது என்று பேப்பரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கச்சேரியில் முதலில் பாடுவது, நான்கு எழுத்து. வர்ணம். அறுபதாம் கல்யாணத்துக்குப் பேர்போன தலம், ஏழு எழுத்து. திருக்கடையூர். அறுபது வயதில் மறுபடி தாலி கட்டுவார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. எங்கள் அப்பாவுக்குத் தன் வயதே தெரியாது. பெரிய வெள்ளத்துக்கு முந்தின வருஷம் பிறந்ததாகச் சொல்வார். எந்த வெள்ளம் என்று கேட்டால் கோபம் வரும்.

எனக்குத் தெரிந்த சொற்களைக் கட்டம் கேட்டதே இல்லை. பாதி மணி பிடித்த நெல்லுக்குக் கருக்காய் என்று பேர், வயலுக்கு வயல் தண்ணீர் பிரியும் சின்ன வாய்க்கால் கண்ணாறு. இதையெல்லாம் கேட்டிருந்தால் நொடியில் எழுதியிருப்பேன். நாம் சாப்பிடுகிற சோறு எங்கிருந்து வருகிறது என்று கட்டம் போடுகிறவருக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கேட்டார். மேலிருந்து கீழ், ஐந்து எழுத்து: எந்த நிலத்தில் யார் சாகுபடி என்று கர்ணம் எழுதும் கணக்கு. எனக்குத் தெரியவில்லை. வயலில் பிறந்து வயலில் வளர்ந்தவளுக்கு அது தெரியவில்லை. மறுநாள் விடையைப் பார்த்தேன். அடங்கல்.

அந்தச் சொல் என்னை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அப்பா ஐந்து மா நிலம் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார். ஏக்கர் கணக்கில் ஒன்றரைக்குக் கொஞ்சம் மேல். பண்ணை ஆளாக இருந்தவருக்குப் பெரிய மிராசுதார் வாய்வார்த்தையாகக் கொடுத்தது. சீட்டு இல்லை, எழுத்து இல்லை. அந்த ஐந்து மா வந்த பிறகுதான் அப்பா விடியற்காலையில் இன்னொருவர் வாசலில் போய் நிற்பதை விட்டார். பெரியவர் செத்துப்போனதும் மகன் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினார். டிராக்டர் வாங்கினார். "வர்ற தையோட விட்டுடு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்போது டெல்டா முழுவதும் அதே பேச்சுதான். ஒரு பக்கம் செங்கொடி, ஒரு பக்கம் வெளியூர் ஆட்களை வைத்து அறுப்பு, நடுவில் போலீஸ் வேன். சென்னையில் புது ஆட்சி, குத்தகைக்காரர் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. சட்டம் எங்கள் ஊருக்கு எந்த பஸ்ஸில் வரும் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

தலைமைக் குமாஸ்தாவிடம் கேட்டேன். கல்யாணம் ஆகாதவர், சிடுசிடுப்பான மனிதர், ஆனால் ரெவின்யூ விஷயம் கரைத்துக் குடித்தவர்.

"அடங்கல்ல பேரு ஏறியிருந்தா அசைக்க முடியாதும்மா" என்றார். "ஏறலைன்னா, பதிவுக்கு அதிகாரி வருவார் பாருங்க, அப்ப நேர்ல சொல்லணும். நான்தான் சாகுபடின்னு அந்த ஆளே வாயத் தொறந்து சொல்லணும். பக்கத்து வயக்காரன் ரெண்டு பேரு ஆமான்னா போதும். யாருக்குக் கேக்குறீங்க?"

"ஊர்ல தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு" என்றேன்.

அப்பா என்று சொல்லவில்லை. அதை இன்றைக்கு எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவரே விசாரித்துச் சொன்னார்: எங்கள் ஊருக்கு அதிகாரி அடுத்த வியாழக்கிழமை வருகிறார். அன்றைக்குச் சனிக்கிழமை. நான் வழக்கமாக இன்லண்ட் லெட்டர்தான் எழுதுவேன், அதுவும் எங்கள் கோயில் உபதேசியார் பேருக்கு. அவர் ஒட்டைப் பிரித்து அப்பாவுக்குப் படித்துக்காட்டுவார். அன்று தபாலாபீஸில் இன்லண்ட் தீர்ந்துவிட்டது, கார்டுதான் இருந்தது. ஜன்னலைச் சாத்தப்போகிற நேரம். சரி என்று கார்டு வாங்கினேன்.

அப்படியே உபதேசியார் பேருக்கே எழுதியிருக்கலாம். எனக்குத்தான் புது வீறாப்பு. என் அப்பாவுக்கு எழுதும் கடிதத்தில் எத்தனை நாளைக்கு இன்னொருவர் பேரைப் போடுவது? ஆபீஸில் அடிக்கிற கடிதம் எல்லாம் அப்போது திரு, திருமதி என்று மாறியிருந்தது. நாள் முழுக்க ஊரார் பேருக்கெல்லாம் திரு அடிக்கிறவள் நான். கார்டிலும் திரு என்று போட்டு, அப்பாவின் முழுப் பெயரையும், ஞானஸ்நானப் பதிவில் இருக்கிறபடியே எழுதினேன். எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாத பெயர் அது. அதன் கீழே தெருவை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் போட்டேன். பின்னால், அதிகாரி வருகிற நாள், அடங்கல், பக்கத்து வயல்காரர்கள், சொல்ல வேண்டிய வாக்கியம் எல்லாவற்றையும் அச்சுப்போல எழுதினேன். "நான்தான் பன்னிரண்டு வருடமாகச் சாகுபடி செய்கிறேன் என்று சொல்லுங்கள். பயப்பட வேண்டாம்." ஓரத்தில் என் அறை விலாசம், கதவு எண்ணோடு. பெட்டியில் போட்டுவிட்டு வரும்போது எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை லீவு போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். சாவடி ஒழுகுகிறது என்று அதிகாரியை மிராசுதார் வீட்டுக் கூடத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். வழக்கமும் அதுதான். வருகிற அதிகாரிக்கு அந்த வீட்டில்தான் சாப்பாடு. சின்ன மிராசுதார் பக்கத்து நாற்காலியில், கர்ணம் பெஞ்சில், பண்ணைக் கணக்குப்பிள்ளை தூண் ஓரத்தில். எங்கள் தெரு ஆட்கள் வாசலில் வெயிலில் நின்றோம். அப்பா பக்கத்தில் போய் நின்றேன். கார்டு வந்ததா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். சொல்ல வேண்டியது ஞாபகம் இருக்கிறதா என்றேன். அதற்கும் ஆட்டினார்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அப்பாவை நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டார். வயல் நம்பரைச் சொல்லி, "இதுல யாரு சாகுபடி? பயப்படாமச் சொல்லுங்க" என்றார்.

அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். "பண்ணையே பாக்குதுங்க" என்றார். "நான் கூலிக்குத்தாங்க செய்யிறேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். அப்பா அதையே இன்னொரு தடவை சொன்னார்.

"பொய்ங்க" என்று வாசலிலிருந்து நான் கத்தினேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அப்பா மட்டும் திரும்பவில்லை. "அது டவுன்ல இருக்கிற புள்ளைங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று அதிகாரியிடம் சொன்னார். பிறகு கட்டைவிரலை மையில் தொட்டு, காட்டிய இடத்தில் வைத்தார். ஐந்து மா அத்தோடு போயிற்று.

வீட்டில் அம்மா சோறு போட்டு வைத்திருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினேன். அவ்வளவு தெளிவாக எழுதி அனுப்பியும் ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டேன். அப்பா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். விரலில் மை போகவில்லை.

"இது அடிமைப் புத்திப்பா" என்றேன். "செத்தாலும் ஒன் முதுகு நிமிராது."

அம்மா "அடியே" என்றாள். அப்பா, "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா போகட்டும் விடு" என்றார். நான் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா மறுபடி கூலிக்குப் போனார். டிராக்டர் உழுத அதே வயலில், நாற்றுக்கட்டுத் தூக்குகிற வேலை. நான் கிறிஸ்மஸுக்கும் உயிர்த்தெழுந்த பண்டிகைக்கும் போய்த் தலைகாட்டிவிட்டு வருவேன். என்ன சேதி என்றால் என்ன, அவ்வளவுதான் பேச்சு. மற்ற நாட்களில் எனக்குக் கட்டம்தான். அறையில் தனியாக உட்கார்ந்து பழைய பேப்பர்களின் கட்டத்தைக்கூடப் போட்டேன். வீட்டுக்கார அம்மா நவராத்திரிச் சுண்டல் கொடுத்தனுப்புவார். "தங்கமான பொண்ணு, சத்தமே இல்ல" என்று தெருவில் சொல்வாராம். யாரோடு பேசிச் சத்தம் வரும்? கல்யாணம் இரண்டு தடவை நெருங்கி வந்து நின்றது. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஏழு வருஷம் இப்படி ஓடியது. இதற்கு நடுவில் தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்தேன். அம்மா போனபிறகு அப்பாவை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தேன். கடமைக்குத்தான், பாசத்துக்கு என்று சொன்னால் அது புளுகு. நாற்காலி இருந்தாலும் தரையில்தான் உட்காருவார், ஜன்னல் ஓரத்தில். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்பேன். உம் என்பார். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகத் தனியாக இருக்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காலையில் கட்டம் போடும்போது மட்டும் குறிப்புகளை வாய்விட்டுப் படிப்பேன். அது என் பழக்கம், அவருக்காக இல்லை. பயிர் பச்சை சம்பந்தமாக ஏதாவது வந்தால் அவரும் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். நான் பேசாமல் எழுதிக்கொள்வேன்.

அப்படி ஒருநாள் படித்தேன். "இடமிருந்து வலம். உறை தேவைப்படாத கடிதம். ஆறு எழுத்து."

"கார்டு" என்றார் அப்பா.

"அது மூணு எழுத்துப்பா. ஆறு வேணும்." பிறகு எனக்கே தெரிந்துவிட்டது. "அஞ்சலட்டை. நீ சொன்னதுதான்."

"நீ எழுதுனியே அந்த மாரிதானே?"

"எது?"

"அதிகாரி வர்றதுக்கு முந்தி. எம்பேரு போட்டு."

பென்சில் கையில் இருந்தது. அந்த நாளைப்பற்றி அதுவரைக்கும் நாங்கள் இருவரும் வாயைத் திறந்ததில்லை. உபதேசியார் சரியாகப் படித்துச் சொன்னாரா என்று கேட்டேன்.

"அவருகிட்ட எங்க வந்துச்சு?" என்றார் அப்பா. "தபால்காரருக்கு அந்தப் பேருல யாருன்னு தெரியல. பெரிய பேரா இருக்கே, பண்ணை வீட்டு விருந்தாளியா இருக்கும்னு அங்க கொண்டுபோயிக் குடுத்துட்டாரு. கணக்குப்புள்ளதான் நோட்டப் பாத்து நான்தான்னு கண்டுபுடிச்சாரு. ஆளு விட்டுக் கூப்புட்டாங்க. கூடத்துல வச்சுப் படிச்சாங்க. எல்லாரும் இருந்தாங்க."

ஒட்டில்லாத கார்டு. யார் கையில் கிடைத்தாலும் படித்துவிடலாம்.

"சின்னவரு வாங்கி ஓரத்துல பாத்தாரு. ஒன் வெலாசம் இருந்துச்சுல்ல. இந்த வீடு நம்ம அத்த வீட்டுக்கு நாலாவது வீடாச்சேன்னாரு. அந்த அம்மாவுக்கு ஒம் பொண்ணு எந்தத் தெருன்னு தெரியுமான்னு என்னைக் கேட்டாரு. அவ்வளவுதான். வையல, அடிக்கல. வேற பேச்சு பேச ஆரம்பிச்சுட்டாங்க. நான் வந்துட்டேன்."

"ஏம்ப்பா, அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ ரூம காலி பண்ணிட்டு வந்து நிப்ப. வேலையும் போயிருக்கும். ஒனக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாதே." சிரித்தார். "வயலு அவங்க அப்பாரு குடுத்தது. நீ படிச்சது யாரும் குடுத்ததில்ல."

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். எழுதினதும் நான், படித்ததும் நான். கட்டத்துக்குப் பத்துப் பதினைந்து சொல் கற்றுக்கொண்டு, அதைக் காட்ட வேண்டும் என்று கார்டில் எழுதி, அப்பாவின் நிலத்தை நானே கொண்டுபோய் அவர்கள் கூடத்தில் வைத்திருக்கிறேன். அதற்குமேல் ஏழு வருஷம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அவர் முதுகைப் பற்றி நான் சொன்னதை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"திருன்னு போட்டு எம்பேர ஒருத்தரு வாயால கேட்டது அன்னிக்குத்தான்" என்றார். "கணக்குப்புள்ள கேலியாத்தான் படிச்சாரு. ஆனா கேக்க நல்லாருந்துச்சு. அந்தக் கார்ட மட்டும் குடுங்கய்யான்னு கேட்டேன். குடுக்கல."

அன்று ஆபீஸ் விட்டதும் தபாலாபீஸுக்குப் போய் ஒரு கார்டு வாங்கினேன். அங்கேயே நின்று, திரு போட்டு, அப்பாவின் முழுப் பெயரை எழுதினேன். விலாசம் என் வீட்டு விலாசம். பின்பக்கம் என்ன எழுதுவது என்று வெகுநேரம் தெரியவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "அப்பா, தப்பு என்னுடையது" என்று மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, நான் வீட்டில்தான் இருந்தேன். கீழே சைக்கிள் மணி அடித்தது. தபால்காரர் புது ஆள். படியேறி வந்து வாசலில் நின்று, கார்டைப் பார்த்து, அப்பாவின் பெயரைத் திருவோடு முழுதாகப் படித்து, "அது யாருங்க?" என்று கேட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். வழக்கப்படி தோளில் கிடந்த துண்டுக்குக் கை போனது. எடுக்காமல் கையை இறக்கிவிட்டார்.

"நான்தாங்க" என்றார்.